வெற்றுக் கட்டங்களுக்கும் சாதி உண்டு

(மருத்துவ, செவிலிய மாணவர்களும் கலந்துகொண்ட வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு என்னை அழைத்த தோழர் தொலைபேசியில் தலைப்பு கேட்டார். "ஆபத்துள்ள பச்சிளங்குழந்தைகளைக் கண்காணிப்பதில் மருத்துவப் பதிவேடுகளின் தரம்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "தோழர், கொஞ்சம் அரசியலா ஏதாவது பேச முடியுமா?" என்று கேட்டார். இதுவும் அரசியல்தான் என்று உங்களிடம் நிறுவுவதுதான் இன்றைக்கு என் வேலை. என் முனைவர் பட்ட ஆய்வும் இதைப் பற்றியதுதான். சில ஆண்டுகளாகப் பதிவேடுகளையும் தாய் சேய் நல அட்டைகளையும் டிஸ்சார்ஜ் சீட்டுகளையும் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அடிப்படை. பிறந்த முதல் 28 நாட்கள்தான் ஒரு மனித உயிருக்கு மிக ஆபத்தான காலம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் 35 பேர் முதல் பிறந்தநாளைப் பார்ப்பதில்லை. அவர்களில் 25 பேர் முதல் 28 நாட்களுக்குள்ளேயே இறந்துபோகிறார்கள். அதாவது பத்தில் ஏழு மரணம் முதல் மாதத்தில் நடக்கிறது.

இந்தச் சராசரியைச் சாதிவாரியாகப் பிரித்தால் என்ன தெரிகிறது? அதே ஆய்வில், ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் பட்டியல் சாதியினரிடையே 1,000க்குச் சுமார் 41, பழங்குடியினரிடையே சுமார் 42. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் அல்லாத 'மற்றவர்'களிடையே சுமார் 28. தமிழ்நாட்டின் நிலை இந்தியச் சராசரியைவிட எவ்வளவோ மேல். அந்த ஆய்வில் இங்கே முதல் மாத மரணம் 1,000க்கு 12.7. இது அரசு மருத்துவமனைகளும் கிராம சுகாதார செவிலியர்களும் உழைத்துப் பெற்ற வெற்றி, அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த 12.7இல் யார் வீட்டுக் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதைச் சராசரி சொல்லாது.

இனி பதிவேட்டுக்கு வருகிறேன். ஒரு குழந்தை 'ஆபத்துள்ளது' என்று எப்படித் தெரியும்? எடை 2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை, 1,500க்குக் கீழே என்றால் மிகவும் குறைந்த எடை. 37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைமாதம். பிறந்ததும் அழவில்லை, மூச்சுத் திணறியது, வலிப்பு வந்தது, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தது என்று பட்டியல் நீளும். இவை எல்லாமே யாரோ ஒருவர் அளந்து, பார்த்து, எழுதிய விஷயங்கள். எழுதாவிட்டால் அந்தக் குழந்தைக்கு ஆபத்து இல்லை என்று ஆகிவிடும். காகிதத்தில் மட்டும்தான் ஆகும், குழந்தைக்கு ஆகாது.

ஓர் எளிய உதாரணம். நம் நாட்டுப் பிறப்பு எடைத் தரவுகளை வரைபடமாகப் போட்டுப் பார்த்தால் 2.5 கிலோ, 3 கிலோ ஆகிய இடங்களில் திடீரென்று கோபுரம் போல எழும்பி நிற்கும். குழந்தைகள் அப்படி முழு எண்ணிலும் அரை எண்ணிலும் பிறப்பதில்லை, எழுதுகிறவர்கள்தான் முழுமையாக்கி எழுதுகிறார்கள். 2,430 கிராம் குழந்தையை 'ரெண்டரை' என்று எழுதிவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று தோன்றும். வரையறை '2,500க்குக் கீழே' என்கிறது. ஆகவே அந்த 70 கிராமில் குழந்தை ஆபத்துப் பட்டியலிலிருந்தே வெளியேறிவிடுகிறது. கூடுதல் கவனிப்பு, அடிக்கடி எடை பார்ப்பது, மார்போடு அணைத்துச் சூடு தரும் கங்காரு பராமரிப்பை வீட்டிலும் தொடரச் சொல்லித் தருவது எல்லாம் கைநழுவிப் போகிறது.

இந்தப் பிழை எல்லாச் சாதிக் குழந்தைக்கும் நேரலாம் என்பீர்கள். நேரலாம்தான். ஆனால் விளைவு ஒன்றல்ல. வசதியுள்ள குடும்பம் பத்தாம் நாள் தனியார் குழந்தை மருத்துவரிடம் போகிறது. அங்கே மறுபடி எடை பார்க்கிறார்கள், பிழை தெரிந்துவிடுகிறது. சேரியிலிருந்து வரும் தாய்க்கும், செங்கல் சூளையில் கொத்தடிமைபோல் கிடக்கும் இருளர் பெண்ணுக்கும் இரண்டாவது கண் கிடையாது. அரசுப் பதிவேடு ஒன்றுதான் அவள் குழந்தையைப் பார்க்கும் கண். அது மங்கினால் குழந்தை யார் பார்வையிலும் இல்லை.

அடுத்தது வீட்டுப் பார்வை. 2011இல் தேசிய அளவில் கொண்டுவரப்பட்ட வீடுசார் பச்சிளங்குழந்தை பராமரிப்புத் திட்டத்தின்படி, மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்குச் சென்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் படிவம் நிரப்ப வேண்டும்: எடை, உடல் வெப்பம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, தொப்புள், பால் குடிப்பது. நான் பார்த்த படிவங்களில் சில, ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே உட்காரலில் எழுதியவை. மூச்சு 40, 40, 40. வெப்பமும் எல்லா நாளும் ஒன்றே. எந்தக் குழந்தையும் அப்படிக் கடிகாரம் மாதிரி இருக்காது.

மூச்சை எண்ணுவது எப்படி என்று செவிலிய மாணவர்களுக்குத் தெரியும். துணியை விலக்கி, மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் பார்க்க வேண்டும். 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆபத்து. அதற்கு வீட்டுக்குள் நுழைய வேண்டும், உட்கார வேண்டும், குழந்தையைத் தொட வேண்டும். இந்த நாட்டில் நுழைவது, உட்கார்வது, தொடுவது மூன்றும் சாதியின் எல்லைகள். வாசலில் நின்று "புள்ள நல்லா இருக்கா?" என்று கேட்டு "இருக்கு" என்ற பதிலை வாங்கி 40 என்று எழுதினால், அந்த எண் குழந்தையின் மூச்சைச் சொல்லவில்லை. வாசலுக்கும் குழந்தைக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சொல்கிறது.

இது புதிதல்ல. கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியர் எழுதிய கடிதம் 1929 டிசம்பர் 12 'யங் இந்தியா' இதழில் வெளியானது. அண்ணல் அம்பேத்கர் அதைத் தம் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் எடுத்துக்காட்டுகிறார். ஆசிரியரின் மனைவிக்குக் குழந்தை பிறந்து இரண்டு நாளில் உடல்நிலை மோசமானது. மருத்துவர் அந்தக் குடியிருப்புக்குள் வர மறுத்தார். ஊர்ப் பெரியவர் ஒருவர் இரண்டு ரூபாய் கட்டணத்துக்குப் பொறுப்பேற்ற பிறகே, குடியிருப்புக்கு வெளியே வைத்துத்தான் பார்ப்பேன் என்ற நிபந்தனையோடு வந்தார். பிரசவமான பெண்ணைக் கைக்குழந்தையோடு வெளியே தூக்கி வந்தார்கள். மருத்துவர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார், கணவர் மனைவியிடம் கொடுத்தார். அதே வழியில் அது திரும்பிப் போனது. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு மருத்துவர் நிமோனியா என்றார். அந்தப் பெண் பிழைக்கவில்லை.

தோழர்களே, அந்தத் தெர்மாமீட்டர் காட்டிய எண் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் அவள் மார்பில் காது வைத்துக் கேட்டவர் யாருமில்லை. ஓர் எண் பதிவாகிவிட்டது என்பதாலேயே ஒரு நோயாளி கவனிக்கப்பட்டார் என்று ஆகிவிடாது. அந்த நூலை நான் பதிவேடுகளின் தரம் பற்றிய பாடநூலாகவும் வாசிக்கிறேன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கிராம சுகாதார செவிலியரைக் குற்றவாளியாக்குவது என் நோக்கம் அல்ல. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. தடுப்பூசி, கர்ப்பிணிகள் பதிவு, கைபேசிச் செயலி, காகிதப் பதிவேடு என்று ஒரே தகவலை நான்கு இடத்தில் எழுதும் பெண்ணிடம், ஆறு நாளும் ஒரு நிமிடம் மூச்சை எண்ணு என்கிறோம். இன்னொன்று, இந்தப் பணியாளர்களில் தலித் பெண்களும் இருக்கிறார்கள். ஆதிக்கச் சாதித் தெருவில் அவர்கள் திண்ணையோடு நிறுத்தப்படுகிறார்கள். "நீ தொடாதே, நானே சொல்றேன், எழுதிக்கோ" என்கிறார் பாட்டி. அப்போது பாழாவது ஆதிக்கச் சாதிக் குழந்தையின் பதிவேடு. சாதி தன் சொந்தப் பிள்ளையின் மூச்சைக்கூட எண்ண விடாது.

வெற்றுக் கட்டம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1996இல் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் 29 வாரத்தில், 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மூன்று வாரத்துக்கு மேல் மருத்துவமனையில் இருந்து, பிழைத்து, வீட்டுக்குப் போனது. குறைமாதத்தில் பிறந்து ஆக்சிஜன் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு விழித்திரையின் இரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வை பறிபோகலாம். குறைமாத விழித்திரை நோய் என்பார்கள். உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் தடுக்கலாம். அந்தக் குழந்தைக்கு அந்தப் பரிசோதனை நடக்கவில்லை, பார்வை போய்விட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2015இல் சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பானது. அந்த வழக்கில் பேசப்பட்ட முக்கியமான ஆவணம் டிஸ்சார்ஜ் சீட்டு. இப்படி ஓர் ஆபத்து இருக்கிறது, கண் பரிசோதனைக்கு வாருங்கள் என்ற எச்சரிக்கை அதில் இல்லை.

இப்போதுள்ள இந்திய வழிகாட்டுதல்படி, 2,000 கிராமுக்குக் கீழோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்கு 30 நாட்களுக்குள் முதல் கண் பரிசோதனை நடக்க வேண்டும். இன்னும் சிறிய குழந்தைகளுக்கு அதற்கும் முன்பே. அதற்கு மூன்று கட்டங்கள் சரியாக நிரம்பியிருக்க வேண்டும்: பிறந்த தேதி, எடை, எத்தனை வாரம். நான்காவதாக ஒரு வரி வேண்டும்: "இந்தத் தேதியில், இந்த இடத்துக்குக் கண் பரிசோதனைக்கு வரவும்". அந்த வரி தாய்க்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். சுருக்கெழுத்தாக மூன்று ஆங்கில எழுத்தைக் கிறுக்கிக் கொடுத்தால், அது அவளுக்கு எழுதியது ஆகாது. அந்தக் குடும்பம் பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் நின்றது. எத்தனை குடும்பத்தால் நிற்க முடியும்?

படிவத்தைச் சரியாக நிரப்பினாலும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. படிவமே யாரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது? பிறந்த ஒரு நிமிடத்திலும் ஐந்து நிமிடத்திலும் போடும் ஆப்கார் மதிப்பெண் உங்களுக்குத் தெரியும். அமெரிக்க மருத்துவர் வர்ஜீனியா ஆப்கார் 1950களின் தொடக்கத்தில் உருவாக்கியது, எண்ணற்ற உயிர்களைக் காப்பாற்றியது. அதன் ஐந்து அம்சங்களில் ஒன்று நிறம். உடல் முழுதும் 'பிங்க்' என்றால் இரண்டு மதிப்பெண். கறுத்த குழந்தையின் உடல் பிங்க் ஆவது எப்போது? உதடு, நாக்கு, உள்ளங்கையைப் பார்க்கச் சொல்லித் தர வேண்டும். மஞ்சள் காமாலையும் கறுத்த தோலில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, இரத்தப் பரிசோதனையோ கருவியோ தேவை. பிரிட்டனில் 2023இல் வந்த ஓர் அறிக்கை, கறுப்பின, ஆசியக் குழந்தைகளைப் பொறுத்தவரை இந்த அளவீடுகள் நம்பத்தகுந்தவையா என்று வெளிப்படையாகக் கேட்டது. பெரும்பான்மை மக்கள் கறுத்த தோலுடைய நம் நாட்டில் அந்தக் கேள்வியை நாம் இன்னும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்து, பதிவேட்டுக்குள்ளேயே வராத குழந்தைகள். தமிழ்நாட்டில் கர்ப்பிணியாகப் பதிந்தால் பிக்மி எண் கிடைக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு அந்த எண் வேண்டும். நிதி முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும், அதுவும் தாய்க்கு 19 வயது நிரம்பியிருந்தால்தான். அப்படியானால் 17 வயதில் கர்ப்பமான பெண் ஏன் சீக்கிரம் பதியப்போகிறாள்? பணமும் இல்லை, வழக்கு வந்துவிடும் என்ற பயமும் இருக்கிறது. தாமதமாக வருவாள், வயதைக் கூட்டிச் சொல்வாள், கடைசி மாதவிடாய்த் தேதியைக் குத்துமதிப்பாகச் சொல்வாள். அப்புறம் குழந்தை எத்தனை வாரம் என்று யாருக்குத் தெரியும்? எந்தக் குழந்தைக்குக் கண்காணிப்பு அதிகம் தேவையோ அதன் பதிவுதான் தொடக்கத்திலேயே கோணலாகிறது.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண் இருக்கிறாள், சூளைக்கு வந்து ஆறு மாதத்தில் ஊர் திரும்பும் ஒடிசா தொழிலாளி இருக்கிறாள். பிறந்த இடம் ஒன்று, வளரும் இடம் வேறு. ஓர் ஊரில் "குடும்பம் இடம்பெயர்ந்தது" என்று எழுதிக் கணக்கை முடிக்கிறார்கள், மறு ஊரில் கணக்கே தொடங்குவதில்லை. இரண்டு மணி நேரம் வாழ்ந்து இறந்த குழந்தையைச் 'செத்துப் பிறந்தது' என்று எழுதுவதும் உலகம் முழுக்க அறியப்பட்ட பிழை. அப்போது பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை. எங்கள் துறையில் இதற்கெல்லாம் 'விடுபட்ட தரவு' என்று பெயர். யாராலோ விடப்பட்ட தரவு என்பதுதான் சரி.

இப்போது சாதிக் கட்டத்துக்கு வருவோம். கர்ப்பிணிப் பதிவேட்டில் சாதி கேட்கிறார்கள்: பட்டியல் சாதியா, பழங்குடியா, மற்றவரா. கேட்பது நடக்கிறது. ஆனால் எந்தச் சாதியில் எத்தனை குழந்தை முதல் மாதத்தில் இறந்தது என்று மாவட்டவாரியாக மக்கள் முன் வைக்கும் வழக்கம் இல்லை. ஆண்டுதோறும் சிசு மரண விகிதம் சொல்லும் மாதிரிப் பதிவு முறை கிராமம்-நகரம், ஆண்-பெண் என்று பிரிக்கிறது, சாதியாகப் பிரிப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் குடும்பநல ஆய்வுதான் நமக்கு ஜன்னல். அமெரிக்காவில் பிறப்புச் சான்றிதழிலேயே தாயின் இனம் பதிவாகிறது. அதனால்தான் கறுப்பினக் குழந்தைகள் வெள்ளையினக் குழந்தைகளைவிட இரு மடங்குக்கு மேல் இறக்கிறார்கள் என்று ஆண்டுதோறும் ஆதாரத்தோடு சண்டை போட முடிகிறது.

ஒரு நியாயமான அச்சம் உண்டு. படுக்கையருகே சாதியை எழுதி வைத்தால் அதுவே பாகுபாட்டுக்கு வழிகாட்டாதா? காட்டும். அதனால்தான் நான் கேட்பது வேறு. சிகிச்சைத் தாளில் சாதி வேண்டாம். ஏற்கெனவே பதிவாகியிருக்கும் சாதியைப் பெயர் நீக்கிய தரவோடு இணைத்து, மாவட்ட அளவில் ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடுங்கள். எத்தனை பிறப்பு, எத்தனை எடைக்குறைவு, எத்தனை பேருக்கு ஆறு வீட்டுப் பார்வையும் நடந்தது, எத்தனை மரணம், எத்தனை கட்டம் காலி. கடைசிக் கேள்வி முக்கியமானது. யாருடைய படிவம் அதிகம் காலியாக இருக்கிறது என்பதே ஒரு செய்தி.

"கிராமத்துப் பெண்களிடம் தரமான பதிவை எதிர்பார்க்க முடியாது" என்று படித்தவர்கள் சொல்வார்கள். மகாராஷ்டிராவின் கட்சிரோலி, பழங்குடி மக்கள் நிறைந்த மாவட்டம். அங்கே மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் ஆகியோரின் 'சர்ச்' நிறுவனம் 39 கிராமங்களில், சில ஆண்டுகளே பள்ளிக்குப் போன உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது. அவர்கள் எடை பார்த்தார்கள், மூச்சை எண்ணினார்கள், எழுதினார்கள். எழுதியதை மேற்பார்வையாளர் தொடர்ந்து வந்து சரிபார்த்தார். எழுதியதை வைத்துச் சிகிச்சையும் நடந்தது. மூன்றாம் ஆண்டில், ஒப்பீட்டுக் கிராமங்களைவிட முதல் மாத மரணம் 62 விழுக்காடு குறைந்தது என்று 1999இல் 'லான்செட்' இதழில் முடிவுகள் வந்தன. பட்டம் இல்லாதது அந்தப் பெண்களுக்குத் தடையாக இல்லை. தான் எழுதியதை ஒருவர் படிப்பார், அதனால் ஒரு குழந்தைக்கு ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. யாரும் படிக்காத படிவத்தை யாரும் ஒழுங்காக எழுத மாட்டார்கள்.

அண்ணல் அம்பேத்கருக்கும் ரமாபாய்க்கும் பிறந்த குழந்தைகளில் நான்கு பேர் சிறுவயதிலேயே இறந்தார்கள், யஷ்வந்த் மட்டும் பிழைத்தார். கடைசி மகன் ராஜரத்னா இறந்தது 1926இல். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நலச் சட்ட முன்வரைவை ஆதரித்து அம்பேத்கர் பேசினார். தாய்க்கு ஓய்வும் ஆதரவும் கொடுப்பது தேசத்தின் நலன், அந்தச் சுமையில் அரசுக்கும் பங்குண்டு என்பது அவர் வாதம். குழந்தை மரணத்தை வீட்டுத் துயரமாக மட்டும் விட்டுவிடாமல் அரசின் கணக்கில் கொண்டுவந்து வைத்த மரபு நம்முடையது.

முடிவாக, நாம் செய்யக்கூடியவை. ஒன்று, தரவைச் சாதிவாரியாக வெளியிடக் கோருவோம். இரண்டு, தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு குழந்தைக்கும், அடுத்து எந்த நாள், எங்கே, எதற்காக வர வேண்டும் என்று தமிழில் எழுதிய சீட்டு வேண்டும் என்று கோருவோம். வேற்று மொழித் தொழிலாளர்களுக்கு அவர்கள் மொழியில். மூன்று, காலிப் பணியிடங்களை நிரப்பு, ஒரே தகவலை நான்கு இடத்தில் எழுத வைக்காதே என்று கேட்கும் செவிலியர்களின் போராட்டத்தில் நிற்போம். அது பதிவின் தரத்துக்கான போராட்டமும்தான். நான்கு, மருத்துவப் பதிவைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. உங்கள் தெருவில் யாருக்காவது குழந்தை பிறந்தால் அந்த உரிமையைச் சொல்லுங்கள். அட்டையை வாங்கிப் பாருங்கள். எடை எழுதியிருக்கிறதா, ரெண்டரை என்று எழுதியிருந்தால் மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து, இங்கே இருக்கும் வருங்கால மருத்துவர்களும் செவிலியர்களும்: குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள். தொடாமல் எழுதாதீர்கள். பார்க்க முடியவில்லை என்றால் 'பார்க்கவில்லை' என்றே எழுதுங்கள், காரணத்தோடு. பொய்யான 40ஐவிட அது ஆயிரம் மடங்கு மேல். அந்த உண்மையை வைத்து நாளைக்கு ஒருவர் கேள்வி கேட்க முடியும்.

ஜெய்பீம்.